படிகளை விழுங்கிய தெரு

தாத்தா வீட்டுக்கு ஏற ஐந்து படிகள். எல்லாம் கருங்கல். மூன்றாவது படியில் மட்டும் ஓரம் உடைந்து சொரசொரப்பாக இருக்கும். அதில்தான் நாங்கள் புளியங்கொட்டை தேய்ப்போம். திருவாரூர் மாவட்டத்தில் வாய்க்கால் ஓரமாக இருக்கும் அந்த ஊருக்குப் போன மாதம் போயிருந்தபோது எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான் இருந்தன. யாரும் படியைப் பெயர்க்கவில்லை, வீடும் இறங்கவில்லை. தெருதான் ஏறியிருக்கிறது. மண் தெருவின் மேல் கப்பிக்கல், அதன் மேல் தார், தாரின் மேல் சிமென்ட், சில வருடம் கழித்துப் பழையதைக் கொத்தாமலே இன்னொரு சிமென்ட். புளியங்கொட்டை தேய்த்த படி இப்போது சாலைக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.

ஊர் மாறிவிட்டது என்று பேச ஆரம்பித்தாலே திண்ணை போச்சு, முற்றம் போச்சு, ஓட்டு வீடு போச்சு என்று ஒரு புலம்பல் வந்துவிடும். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் ஊரில் எல்லா வீட்டிலும் திண்ணை இருந்ததில்லை, எல்லா வீட்டுக்கும் ஓடு இருந்ததில்லை. யார் வீட்டுக்கு எது இருக்கலாம் என்பதை வீடு கட்டுபவரின் ரசனை முடிவு செய்ததைவிட, அவர் காலடி மண் யார் பேரில் இருந்தது என்பதுதான் அதிகம் முடிவு செய்தது. அதனால் தெருவையும் கூரையையும் பட்டாவோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் தெரு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு நத்தம் என்று பெயர். வருவாய்த் துறைக் கணக்கில் இன்றும் அதே சொல்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களைச் சொல்லும் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது: ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு ஊரின் வரைபடம் என்றே அதைச் சொல்லலாம். ஊர்நத்தம் தனி, சேரி தனி. நடுவில் வயலோ வாய்க்காலோ. என் தலைமுறை பார்த்த ஊரும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

ஊருக்குள் கோயிலே திசைகாட்டி. கோயிலுக்கு எதிரே சன்னதித் தெரு, சுற்றிலும் மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு, தெற்குத்தெரு. தேர் இருக்கும் ஊரில் தேர் திரும்பும் அளவுக்கு வீதி அகலம். தேர் போகாத பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி போனால் போதும் என்ற அளவுக்குச் சந்து. அதைவிடக் குறுகியதைத் தென் மாவட்டங்களில் முடுக்கு என்பார்கள். எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்து நின்றுதான் வழிவிட முடியும். இன்று கார் நுழையாமல் ஊர் எல்லையிலேயே நிற்கிற தெருக்களெல்லாம் மாட்டு வண்டியின் அச்சு நீளத்துக்கு அளந்து விட்டவை.

இனி கூரைக்கு வருகிறேன். இங்கேதான் கதை கனமானது.

கரூர் பசுபதீஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரோடு ஒரு மன்னன் வெங்கால நாட்டில் தச்சர், கொல்லர் முதலான கம்மாளருக்குச் சில உரிமைகள் தருகிறான். நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டுச் சுவரைப் பூசுவதும், நிலையும் கதவும் இழைப்பதும், ஆணி அடித்துக் கொடுப்பதுமாக இருந்தவர்கள், தங்கள் வீட்டுச் சுவருக்குப் பூச்சு பூசிக்கொள்ள அரச ஆணை தேவைப்பட்டிருக்கிறது! சுவருக்கே இப்படியென்றால் கூரையைச் சொல்ல வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் நாடார்கள் மாடி வைத்து வீடு கட்டக் கூடாது என்ற தடை இருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு என்பதோடு, எவன் எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்ற அளவுகோலாகவும் கூரை இருந்தது. ‘ஓட்டு வீட்டுக்காரர்’, ‘காரை வீட்டுக்காரர்’, ‘மெத்தை (மாடி) வீட்டுக்காரர்’ என்று வீட்டை வைத்தே ஆளைச் சொல்லும் பழக்கம் சும்மா வந்ததல்ல.

காவிரிப் படுகையில் பண்ணையாட்களின் குடிசை பெரும்பாலும் மிராசுதாரின் மண்ணில் நின்றது. களிமண் சுவர், மூங்கில் கழி, மேலே தென்னங்கீற்றோ வைக்கோலோ. கீற்று ஓரிரு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும், பிறகு பிரித்து வேய வேண்டும். செங்கல் சுவர் வைத்தால் நாளைக்கு ‘எழுந்து போ’ என்று சொன்னால் அதைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? வறுமை ஒரு காரணம் என்றால், தனதில்லாத மண்ணில் நிரந்தரமாக எதையும் எழுப்ப முடியாது என்பது இன்னொரு காரணம். வேலையும் குடிசையும் ஒரே கையில் இருந்ததால், கூலியைப் பற்றிப் பேசினால் கூரை போகும். 1952-இல் வந்த தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இதற்குத்தான் முதல் தடை போட்டது. தடை காகிதத்தில் எவ்வளவு, களத்தில் எவ்வளவு என்பதற்கு 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணி பதில் சொன்னது. கூலி உயர்வு கேட்ட ஊரில், உயிர் தப்ப ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேரை அந்தக் குடிசையோடு எரித்தார்கள். கீற்றுக் கூரை என்றால் என்ன என்பதை அந்த இரவுக்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1971-இல் தமிழ்நாடு அரசு குடியிருப்பு மனைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடியிருக்கிறாரோ அந்த மனை அவருக்கே சொந்தம். கூரை மாறியதன் தொடக்கம் என்று ஒரு வருடத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். சிமென்ட்டும் கம்பியும் பிறகுதான் வந்தன. முதலில் வந்தது மண்ணின் மேல் உரிமை. 1978-இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. அதன்படி வயலை வாங்கி, மேடாக்கி, மனை பிரித்துக் கொடுத்தார்கள். வரிசை வரிசையாகத் ‘தொகுப்பு வீடு’ எழுந்தது, அந்த இடத்துக்குக் காலனி என்று பேர். மத்திய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-இல் தொடங்கியதும் எண்ணிக்கை கூடியது. பல ஊர்களில் முதல் காங்கிரீட் கூரை ஊர்த்தெருவில் வரவில்லை, காலனியில்தான் வந்தது. ஓட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கொஞ்சம் உறுத்தியதும் உண்டு.

ஒன்றை மட்டும் இந்தத் திட்டங்கள் மாற்றவில்லை. சேரி இருந்த தூரத்திலேயே காலனியும் நின்றது. பழைய இடைவெளிக்குப் புதிய காங்கிரீட். இதை உடைக்கத்தான் 1997-இல் சமத்துவபுரம் அறிவிக்கப்பட்டது. 100 வீடு, அதில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று கலந்து ஒதுக்கினார்கள். முதலாவது 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நல்ல யோசனை. ஆனால் அது புது மண்ணில் போட்ட புது ஊர். பழைய நத்தத்துக்குள் பழைய தெருக்கள் அப்படியே இருந்தன. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்.

கூரை மாறிய வேகத்துக்குச் சந்தையிலும் ஒரு காரணம் இருக்கிறது. இன்று மூலைக் கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் சிமென்ட் ஒரு காலத்தில் பர்மிட் சரக்கு. கல்லக்குடிப் பக்கம் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது 1939-இல். என்றாலும் விலையும் வினியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால், நாலு மூட்டைக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். 1982-இல் பாதிக் கட்டுப்பாடு போனது, 1989-இல் முழுவதும் போனது. கிராமத்தில் தளம் போட்ட வீடுகள் மளமளவென்று எழுந்த காலத்தை நினைத்துப் பாருங்கள், தொண்ணூறுகள்தானே? அதே காலத்தில் சுண்ணாம்புக் காளவாய் அணைந்தது, காளை இழுத்த காரை அரைக்கும் கல் சக்கரம் கோயில் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்துக் காரை குழைக்கத் தெரிந்த கைகள் ஓய்ந்தன. கொத்தனாரும் சித்தாளும் இருக்கிறார்கள். சென்ட்ரிங்காரர், கம்பி கட்டுபவர் என்று புது ஆட்களும் வந்தார்கள். கூரை வேய்பவர்தான் இல்லை.

ஓட்டுக்கும் இதேபோல ஒரு முறை அடி விழுந்திருக்கிறது. நாட்டு ஓடு குயவர் கையில் வளைந்தது. அடுக்கடுக்காக வேய்ந்தால் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் குரங்கும் பூனையும் ஓடினால் சரியும். ஐப்பசிக்கு முன் வருடா வருடம் பிரித்து அடுக்க வேண்டும். 1865-இல் பேசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் இயந்திர ஓட்டு ஆலை தொடங்கியது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்தத் தட்டை ஓடு தமிழ்நாட்டில் சீமை ஓடு என்ற பெயரில் பரவியது. அதற்கு மூங்கில் போதாது, அறுத்த ரீப்பர் வேண்டும். ஆக, ஓடு மாறியதும் குயவரிடமிருந்த வேலை மர வாடிக்குப் போனது. இன்று நாம் ‘பாரம்பரிய ஓட்டு வீடு’ என்று படம் பிடிக்கும் பல வீடுகளின் தலையில் இருப்பது இந்த ஆலை ஓடுதான். பாரம்பரியம் என்பதும் ஒரு காலத்தில் புதுசாக வந்து இறங்கியதுதான் போலிருக்கிறது.

வெளியூர்ப் பணம் கட்டிய ஊர்கள் தனி. செட்டிநாட்டில் வீடு ஒரு தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். நேர்கோட்டில் வெட்டிய தெருக்கள். பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. பர்மா, இலங்கை, மலேயா வட்டித் தொழில் நடந்தவரை அவை எழுந்தன. 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் வரவு அறுந்தது. இந்தியா 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலுக்குக் கொடுத்தது. அதே செட்டிநாட்டின் நிலைகளும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு காட்சியையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும்.

இப்போது திண்ணை. தாத்தா வீட்டில் இப்போது இருப்பது அத்தை. வாசலுக்கு இரு பக்கமும் திண்ணை; வலது பக்கத்தில் தலை வைத்துப் படுக்கத் திண்டு. மழமழவென்று கண்ணாடி போலத் தேய்ந்திருக்கும். அதை இடித்துவிட்டு இரும்பு கிரில் போட்டிருக்கிறார். கேட்டேன்.

“ஏன் அத்தை, திண்ணையை எடுத்துட்டீங்க?”

“உனக்கென்னப்பா, வருசத்துக்கு ஒருதரம் வந்து உட்கார்ந்துட்டுப் போவ. ராத்திரி ஒருத்தன் குடிச்சுட்டு வந்து படுக்குறான், காலையில நாந்தானே கழுவி விடணும்? வழிப்போக்கனுக்குக் கட்டுன திண்ணைங்குறே, இப்ப யாரு நடந்து வர்றா?”

பதில் சொல்ல முடியவில்லை. திண்ணை என்பது நடந்து போகிறவர்களுக்கானது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை அடுக்க, வெற்றிலை போட, கணக்குப் பார்க்க, வெயிலில் வந்தவர் மோர் குடித்துவிட்டுச் சாய. பேருந்தும் மொபெட்டும் வந்தபோது ஒரு பாதி தேவை போனது. 2006-க்குப் பிறகு அரசே வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்ததில் மாலை நேரக் கூட்டமும் உள்ளே போய்விட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எல்லோருக்கும் எல்லாத் திண்ணையிலும் உட்கார இடம் இருந்ததில்லை. தெருவில் நின்றபடியே குனிந்து பேசிவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் திண்ணையைப் பற்றிக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும்.

முற்றம் போனதற்குப் பெரிய காரணம் பாகப்பிரிவினை. ஒரு நீள வீடு இரண்டு அண்ணன் தம்பிக்குப் பிரியும்போது குறுக்கே வெட்ட முடியாது; வெட்டினால் ஒருவருக்கு வாசல் இல்லை, இன்னொருவருக்குக் கொல்லை இல்லை. ஆகவே நீளவாக்கில்தான் சுவர். அந்தச் சுவர் நேராக வந்து முற்றத்தின் நடுவில் விழும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் துளசி மாடத்தின் மேலேயே சுவர் ஏறியிருக்கிறது. பாதி மாடம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பாதியான முற்றத்தில் வெளிச்சமும் வராது, காற்றும் சுழலாது. மேலே தகரமோ சிமென்ட் சீட்டோ போட்டு மூடி அறையாக்கிவிடுவார்கள். 1989-இல் தமிழ்நாடு பெண்களுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு தந்தது நியாயமான சட்டம். பழைய வீட்டைப் பொறுத்தவரை பங்கு கூடியது, சுவரும் கூடியது.

முற்றம் மூடியதில் ஒரு வேடிக்கை நடந்தது. முன்பு நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் மழை முற்றத்தில் கொட்டும். மூலையில் அண்டா வைத்துப் பிடித்தது போக மிச்சம் கல் தொட்டி வழியாக வெளியேறும். 2003-இல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கியது. முற்றத்தை மூடித் தளம் போட்ட வீட்டில், தளத்திலிருந்து பிளாஸ்டிக் குழாய் இறக்கி ஒரு குழிக்குள் விட்டார்கள். அத்தை வீட்டுக் குழாய் இன்றும் இருக்கிறது, குழியைத்தான் காணோம்.

தளத்தின் வெக்கை தனிப் புராணம். ஒன்றரை அடி மண் சுவரும் ஓடும் இருந்த வீட்டில் நடுப்பகல் தூக்கம் வரும். காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் நம் மேல் இறக்குகிறது. தெரிந்தும் எல்லோரும் தளம்தான் கேட்கிறார்கள். தீப்பிடிக்காது, பாம்பு விழாது, வருடா வருடம் வேய வேண்டாம், பெண் பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்த நாலு காரணமும் வெக்கையை ஜெயித்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயலில் கீற்றும் ஓடும் பறந்ததைப் பார்த்தவர்களிடம் போய் ‘ஓட்டு வீடுதான் இதம்’ என்று சொல்லவே கூசுகிறது.

அரசு கட்டிக்கொடுக்கும் வீட்டுக்கு அளவும் மேலிருந்தே வருகிறது. 2011-இல் தொடங்கிய சூரிய ஒளி பசுமை வீடு 300 சதுர அடி. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, சின்ன வராந்தா. 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று இலக்கு. அதிலும் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை இருந்தாக வேண்டும். கடலோரம், கரிசல், மலையடிவாரம் எங்கே போனாலும் அதே பெட்டி. ஆனால் போய்ப் பார்த்தால் தெரியும், யாரும் பெட்டியைப் பெட்டியாக விட்டுவைப்பதில்லை. முன்னால் நாலு கழி நட்டுக் கீற்றுப் பந்தல் இறக்கியிருப்பார்கள். சமையல், ஆடு, பாட்டியின் கட்டில் எல்லாம் அந்தப் பந்தலில். உள்ளே பீரோவும் ரேஷன் அரிசி மூட்டையும் இருக்கும்.

படி கதைக்குத் திரும்புகிறேன். 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் தலா 20 லட்சம் ரூபாய் வந்தது. அடுத்து வந்த ‘தாய்’ (தமிழ்நாடு குக்கிராமங்கள் மேம்பாட்டு) திட்டம் ஊராட்சியை விட்டுவிட்டுக் குக்கிராமங்களை எண்ணியது, 79,394 குக்கிராமங்கள். அதுவரை மழைக்காலத்தில் பிணம் தூக்கிப் போக முடியாமல் இருந்த தெருக்களுக்கு இந்தப் பணத்தில்தான் சிமென்ட் வந்தது. அதைக் குறை சொல்ல வாய் வராது. சிக்கல் இரண்டாவது முறை போடும்போது. சிமென்ட் சாலை என்றால் ஏறத்தாழ அரை அடி கனம். பழையதைக் கொத்தி அள்ளக் கூலியும் நேரமும் ஆகும், மேலேயே கொட்டிவிட்டால் வேலை ஒரே நாளில் முடியும், அளவுப் புத்தகத்தில் கனமும் சரியாக இருக்கும். வீட்டு வாசலுக்கு என்ன ஆகிறது என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. எங்கள் தெருவில் இப்படிப் போட்ட ஒப்பந்ததாரரிடம் கேட்டதற்கு, “மேடாத்தானே சார் ஆக்கியிருக்கோம்” என்றார். அந்த ஐப்பசியில் தெருத் தண்ணீர் அத்தை வீட்டு ரேழிக்கு வந்தது.

2021 மே மாதம், தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்குப் போட வேண்டும், வீடுகளின் மட்டத்தைவிடச் சாலை உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். நகரத்துச் சாலைகளில் சுரண்டும் இயந்திரத்தைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குள் அந்த இயந்திரம் நுழையவே முடியாது. மாட்டு வண்டிக்கு விட்ட தெரு.

இதனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் தெருவை நம்புவதில்லை. கொத்தனார் ரசமட்டம் வைக்கும் முன்பே கேட்கிறார்: “பேஸ்மட்டம் நாலடியா, அஞ்சடியா?” இன்னும் இரண்டு சாலை வரும் என்று கணக்குப் போட்டு வீட்டைத் தூக்குகிறார்கள். பக்கத்துப் பழைய வீடு பள்ளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. முன்பு எங்கள் தெருவில் ஒரு கோடித் திண்ணையில் ஏறினால் மறு கோடி வரை இறங்காமலே போகலாம். ஓடிப் பிடித்து விளையாட்டே அதுதான். இப்போது ஒரு வீட்டுத் தரை இன்னொரு வீட்டு ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. தாழ்வாரத்தின் சாய்வான சார்ப்பு போய் சன்ஷேடு வந்துவிட்டது, தெருவில் நிழல் விழும் இடமும் குறைந்துவிட்டது. தூய்மை இந்தியா திட்டத்தின் 12,000 ரூபாயில் கட்டிய கழிப்பறைகள் கொல்லை இல்லாத வீடுகளில் வாசலை ஒட்டியே நிற்கின்றன. நூறு வருடத்துக்கு முன் நினைத்துப் பார்த்திருக்கவே முடியாத இடம். இருட்டும் வரை அடக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கேட்டால் இடம் ஒரு பொருட்டே இல்லை என்பார்கள்.

புதுத் தெருக்கள் இனி நத்தத்தில் பிறக்கப் போவதில்லை. ஊர் எல்லையில், போன வருடம் வரை நாற்று நட்ட வயலில், கல் நட்டு வெள்ளை அடித்து, ஒரு வளைவும் எழுப்பி, ஏதாவது ஒரு ‘நகர்’ என்று பேர் எழுதியிருக்கிறார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்த பிறகு, சாலை அகலமும் பூங்கா இடமும் வரைபடத்தில் ஒழுங்காக வருகின்றன. அங்கே மேலத்தெரு, கீழத்தெரு இல்லை. முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு. யார் பக்கத்தில் யார் என்பதைக் கோயிலோ ஊர்க்கட்டுப்பாடோ சொல்வதில்லை, சதுர அடி விலை சொல்கிறது. காலனியில் பிறந்து அரசு வேலைக்குப் போன ஒருவரும், மேலத்தெருவில் பாகம் பிரிந்து வந்த ஒருவரும் அங்கே அடுத்தடுத்த மனை வாங்கியிருக்கிறார்கள். இருவர் வீட்டு மொட்டைமாடியிலும் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன, மேல் மாடிக்கு. துருப்பிடிக்காமல் இருக்க ஒருவர் கம்பி முனையில் பழைய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறார், இன்னொருவர் சிமென்ட் பால் தடவியிருக்கிறார்.

கிளம்பும்போது அத்தை வாசல் வரை வந்தார். மீதமிருக்கும் இரண்டு படியில் மேல் படியில் நின்றுகொண்டு, “அடுத்த வருசம் பேவர் பிளாக் போடுறாங்களாம்” என்றார்.